வகுப்பறைக்குப் போய்த் திரும்பிய புத்தகங்கள்

நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு, நண்பர் ஒருவர் நடத்தும் ஆசிரியர்களுக்கான சிற்றிதழில் நூல் மதிப்புரைப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. 31 ஆண்டுகள் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்தவன் நான். கற்பித்தல் குறித்த நூல்கள் எங்கள் இதழுக்கு நிறையவே வந்துகொண்டிருந்தன. தமிழில் எழுதியவை, மொழிபெயர்ப்புகள், ஆங்கில நூல்கள் என்று எல்லாமும் இருந்தன. அவற்றுக்கு அதுவரை மதிப்புரை எழுதியவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற கல்வி அதிகாரிகளும் கல்லூரிப் பேராசிரியர்களும்தான். நல்ல தமிழில், மரியாதையான நடையில் எழுதினார்கள். ஆனால் திங்கள்கிழமை இரண்டாம் பாடவேளையில் 54 பிள்ளைகள் முன்னால் நிற்கப்போகிற ஒருவர், இந்தப் புத்தகத்தை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அவை உதவவில்லை. அந்த வகுப்பில் நிற்பவர்களே எழுதட்டும் என்று நினைத்தேன்.

எனக்குத் தெரிந்த ஆறு பட்டதாரி ஆசிரியர்களுக்கு ஆறு புத்தகங்களை அனுப்பினேன். கூடவே 14 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றையும் வைத்தேன். நூலின் நோக்கம், நடை, கட்டமைப்பு, அச்சமைப்பு, படங்களின் தரம் என்று வரிசையாகக் கேட்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து நான்கு மதிப்புரைகள் வந்தன. நான்கும் முன்னுரையையும் பொருளடக்கத்தையும் சுருக்கி எழுதியவை. ‘ஒவ்வோர் ஆசிரியர் கையிலும் தவழ வேண்டிய நூல்’ என்ற வரி இரண்டில் அப்படியே இருந்தது. தலைப்பை மறைத்துவிட்டுப் படித்தால் எது எந்த நூலைப் பற்றியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எனக்கு வருத்தமாக இருந்தது. ஏனென்றால் இவர்கள் யாரும் சாதாரண ஆசிரியர்கள் அல்லர். ஒருவர், வகுப்பறைக் கதவைக் கைப்பிடிப் பக்கமும் கீல் பக்கமும் பிள்ளைகளை மாற்றி மாற்றித் தள்ளவைத்து, விசையின் சுழற்றும் விளைவான திருப்புத்திறனைப் புரியவைத்ததை நானே கூட இருந்து பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் ஏன் இப்படி எழுத வேண்டும்? தொலைபேசியில் அவரிடமே கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: “சார், இந்த நூலை எழுதியவர் எங்கள் பயிற்சிக்குக் கருத்தாளராக வந்தவர். குறை சொன்னால் நன்றாகவா இருக்கும்? நாளைக்கே யாராவது விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினால் யார் பதில் சொல்வது? அதுவும் இல்லாமல், மதிப்புரை என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.”

மூன்றும் நியாயமான பதில்கள். அதற்குமேல் அவரைச் சங்கடப்படுத்த மனமில்லாமல், “சரி, அதை விடுங்கள். அந்தப் புத்தகத்தில் இருந்த எதையாவது வகுப்பில் செய்து பார்த்தீர்களா?” என்றேன். அடுத்த இருபது நிமிடம் அவர் பேசினார். எந்தப் பக்கத்தில் இருந்த செயல்பாடு, எந்தப் பிரிவில் செய்தார், ஐந்து பேர் கொண்ட குழுக்களாக உட்காரச் சொன்னபோது பெஞ்சுகளைத் திருப்பவே எட்டு நிமிடம் போனது, கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் நூலாசிரியரே எதிர்பார்க்காத ஒரு கேள்வியைக் கேட்டது, மணி அடித்ததும் பாதியில் விட்டது, மறுநாள் அதை எப்படி முடித்தார் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். நான் தேடிய மதிப்புரை அதுதான். அவரிடம் அது இருந்தது. நான்தான் அதைக் கேட்காமல் அச்சமைப்பைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

படிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்றே கேள்விகளை அட்டையில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்து அனுப்பத் தொடங்கினேன். எந்தப் பக்கத்தை எந்த வகுப்பில் செய்து பார்த்தீர்கள்? எந்த இடத்தில் சிக்கியது? எந்த ஆசிரியருக்கு இந்த நூலைக் கொடுக்க மாட்டீர்கள்? மூன்றாவது கேள்விதான் ஆசிரியர்களின் வாயைத் திறந்தது. ‘குறைகள் என்ன’ என்று கேட்டால் தமிழ்நாட்டில் யாரும் எழுத மாட்டார்கள். எழுதினாலும் ‘எழுத்துப் பிழைகளைத் தவிர்த்திருக்கலாம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். யாருக்கு இது பொருந்தாது என்று கேட்டால், நூலாசிரியரைக் குறை சொல்கிறோம் என்ற கூச்சம் இல்லாமல் உள்ளதைச் சொல்கிறார்கள். ‘ஆய்வகம் இல்லாத பள்ளிக்கு இது ஆகாது’, ‘பொதுத்தேர்வு வகுப்பு எடுப்பவர் ஜனவரிக்குப் பிறகு இதைத் திறக்க வேண்டாம்’ என்றெல்லாம் எழுதினார்கள். வாங்குகிறவருக்கு வேண்டிய செய்தியே அதுதான்.

இப்படி வந்த முதல் மதிப்புரைகளில் ஒன்றை நான் மறக்கவே மாட்டேன். செயல்வழி அறிவியல் பற்றிய ஒரு தமிழ் நூல். மிக அழகான படங்கள். அதில் நம் எல்லோருக்கும் தெரிந்த சோதனை ஒன்று இருந்தது. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். மெழுகுவர்த்தி அணைந்ததும் தண்ணீர் உள்ளே ஏறும். ஆக்சிஜன் எரிந்து தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது, ஆகவே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்று நூல் விளக்கியிருந்தது. நானே பல ஆண்டு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

மதிப்புரை எழுதிய ஆசிரியை தஞ்சைப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் பணிபுரிபவர். ஒன்பதாம் வகுப்பில் இதைச் செய்து காட்டியிருக்கிறார். எதிர்பார்த்தபடியே தண்ணீர் ஏறியது, பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்போது ஒரு பெண் எழுந்து, “மிஸ், மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் என்ன ஆகும்?” என்று கேட்டிருக்கிறாள். அதே டம்ளர், அதே தட்டு. மூன்று துண்டுகளை நெருக்கமாக ஒட்டவைத்து ஏற்றிக் கவிழ்த்தார்கள். தண்ணீர் முன்னைவிட நன்றாக உயரத்துக்கு ஏறியது. “அப்படியென்றால் மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் காற்றில் ஆக்சிஜன் கூடிவிடுமா மிஸ்?”

ஆசிரியை பதில் சொல்லாமல் மறுபடியும் செய்யச் சொல்லிவிட்டுக் குனிந்து உற்றுப் பார்த்திருக்கிறார். டம்ளரைக் கவிழ்க்கும்போதே விளிம்பில் இருந்து குமிழ்கள் வெளியேறுவதைப் பிள்ளைகள்தான் முதலில் கவனித்தார்கள். சுடரின் வெப்பத்தில் விரிந்த காற்றில் ஒரு பகுதி அப்போதே வெளியே போய்விடுகிறது. தண்ணீர் வேகமாக ஏறுவது மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும்போது அல்ல, அணைந்த பிறகு. மீதியுள்ள காற்று குளிர்ந்து சுருங்க, வெளியே உள்ள வளிமண்டல அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று மெழுகுவர்த்திகளுக்கு வெப்பம் அதிகம். வெளியேறும் காற்றும் அதிகம். அதனால் தண்ணீரும் அதிகம் ஏறுகிறது. ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்துபோவதும் இல்லை. காற்றில் ஆக்சிஜனின் அளவு 21 சதவீதத்தில் இருந்து ஏறத்தாழ 16 சதவீதத்துக்குக் குறையும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும்.

இதை அப்படியே எழுதி அனுப்பியவர், கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘நூலில் உள்ள விளக்கம் தவறு. ஆனால் இந்த நூல் இல்லாவிட்டால் இந்தச் சோதனையை நான் செய்திருக்க மாட்டேன், வாங்கலாம்.’ ஒரு பேராசிரியர் இந்தப் பிழையைப் படித்த உடனே கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் பிழையோடு அந்தப் பக்கத்தை வகுப்புக்குள் கொண்டுபோனால் என்ன நடக்கும், அதை எப்படி நல்ல பாடமாக மாற்றலாம் என்பதை வகுப்பெடுப்பவரைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்? அச்சிடும் முன் மதிப்புரையின் படியைப் பதிப்பகத்துக்கு அனுப்பிவைத்தோம். அடுத்த அச்சில் அந்தப் பக்கத்தின் விளக்கத்தை மாற்றினார்கள். அதன்பிறகு எந்த மதிப்புரையையும் பதிப்பகத்துக்கு முன்கூட்டி அனுப்பாமல் நாங்கள் வெளியிட்டதில்லை. அனுமதி வாங்குவதற்காக அல்ல. மதிப்புரை இதழோடு முடிந்துவிடாமல் நூலைத் திருத்தவும் பயன்பட வேண்டும் என்பதற்காக.

இது புதிய யோசனையும் அல்ல. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் இப்படித்தான் வளர்ந்தது. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, எந்தச் சோதனை வகுப்பில் நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசினார்கள். அந்தப் பேச்சைக் கொண்டு பிள்ளைகளின் பாடநூலே திருத்தி எழுதப்பட்டது. 2002-இல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டு ஆசிரியர்களின் கைபட்டு உருவான ஒன்று அப்படி முடிந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

யாருக்கு எந்த நூலை அனுப்புவது என்பதிலும் நான் முதலில் தவறு செய்தேன். இயற்பியல் நூலை இயற்பியல் படித்தவருக்கும், உயிரியல் நூலைத் தாவரவியல் படித்தவருக்கும் அனுப்பினேன். ஆனால் நம் உயர்நிலைப் பள்ளிகளின் நிலைமை வேறு. தாவரவியலில் பட்டம் பெற்றவர் ஓம் விதியையும் நடத்துவார். இயற்பியல் படித்தவர் இதயத்தின் அறைகளை வரைந்து காட்டுவார். கற்பித்தல் நூலின் தேவை யாருக்கு அதிகம்? தன் பட்டப் பாடம் அல்லாததை நடத்துபவருக்குத்தானே?

ஆகவே மாற்றி அனுப்பிப் பார்த்தேன். பிள்ளைகள் அறிவியல் கருத்துகளைத் தவறாகப் புரிந்துகொள்ளும் விதங்களை ஆராயும் ஓர் ஆங்கில நூல் இயற்பியல் ஆசிரியர் ஒருவருக்குப் போனது. அதில் தாவரங்கள் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு அவர் பத்தாம் வகுப்பில் கேட்டிருக்கிறார்: “நம் பள்ளி வாசலில் நிற்கிற வேப்பமரத்தின் இவ்வளவு எடையும் எங்கிருந்து வந்தது?” ஏறத்தாழ வகுப்பே “மண்ணில் இருந்து” என்றது. ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதக்கூடிய பிள்ளைகள் அவர்கள். அதிலேயே கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. ஆனால் காற்றில் இருந்து மரம் வரும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. “உண்மையைச் சொன்னால் சார், இந்தக் கேள்வியைப் படித்தபோது எனக்கும் மண் என்றுதான் முதலில் தோன்றியது” என்றார் அவர். அதையும் மதிப்புரையில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எழுதினார். அந்த இதழுக்கு வந்ததைப் போல வேறெந்த இதழுக்கும் கடிதங்கள் வந்ததில்லை. பதினேழாம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மாண்ட் வில்லோ மரத்தைத் தொட்டியில் ஐந்தாண்டு வளர்த்து எடை பார்த்த பழைய சோதனையைத் தங்கள் வகுப்பில் கதையாகச் சொன்னதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மரம் 164 பவுண்டு கூடியபோது மண் இழந்தது இரண்டு அவுன்ஸ்தான். கூடிய எடை தண்ணீரில் இருந்தே வந்தது என்று ஹெல்மாண்ட் முடிவு கட்டியதையும் சொல்லி, அந்த முடிவில் என்ன குறை என்று பிள்ளைகளையே கேட்டிருக்கிறார்கள்.

இப்போது ஒரு நூலுக்கு இரண்டு பேர் என்று வைத்திருக்கிறேன். ஒருவர் அந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவர், மற்றவர் பெறாதவர். இருவர் சொல்வதும் முரண்பட்டால் இரண்டையும் அப்படியே போடுகிறோம்.

காலம் மிக முக்கியம். ஜனவரி தொடங்கிவிட்டால் பத்தாம் வகுப்பு ஆசிரியரைத் தொந்தரவு செய்யக் கூடாது. திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு, விடைத்தாள் திருத்தும் பணி என்று மே மாதம் வரை அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. எனவே நூல்களை ஜூன் முதல் வாரத்தில் அனுப்பிவிடுகிறேன். காலாண்டுத் தேர்வுக்கு முன் ஏதாவது ஒரு பாடத்தில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, காலாண்டு விடுமுறையில் எழுதட்டும் என்று சொல்கிறேன். முழு நூலையும் படிக்கச் சொல்வதில்லை. ஓர் அத்தியாயத்தை ஆழமாக, மீதியைப் புரட்டினால் போதும். 300 பக்கத்தையும் படித்து எழுதுங்கள் என்று சொன்ன காலத்தில் பாதிப் பேர் எழுதவே இல்லை. நூல் அவர்களுக்கே சொந்தம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திருப்பித் தர வேண்டும் என்றால் அட்டை போட்டுப் பத்திரமாக வைப்பார்களே தவிர, பென்சிலால் கோடு போட மாட்டார்கள். எழுதி முடித்ததும் நூலைச் சில நாள் எனக்குக் காட்டும்படி கேட்பேன். ஓரத்துக் குறிப்புகளில் மதிப்புரைக்கு வராத பல செய்திகள் இருக்கும்.

விளக்கக் கடிதம் வருமோ என்ற பயத்துக்கு ஒரு வழி செய்தோம். விரும்பினால் பெயர் வேண்டாம். ‘ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை, கடலோரக் கிராமப் பள்ளி’ என்று போட்டால் போதும். துறையைப் பற்றியோ பயிற்சிகளைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் வராது, புத்தகத்தைப் பற்றி மட்டும்தான் என்று தலைமையாசிரியருக்கும் ஒரு கடிதம் எழுதிவிடுவேன். முதல் ஆண்டில் பெரும்பாலோர் பெயர் வேண்டாம் என்றார்கள். இப்போது கேட்டு வாங்கிப் பெயரைப் போடச் சொல்கிறார்கள்.

எழுத வராது என்பவர்களை விட்டுவிடக் கூடாது. அவர்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்து, எழுதி, மறுபடி அவர்களுக்கே படித்துக் காட்டுகிறேன். அதில் ஒருமுறை நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பது பற்றிய பகுதி ஒரு நூலில் இருந்தது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970-களில் இதை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்றும், மூன்று விநாடி காத்திருந்தால் பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்றும் கண்டார். வேதியியல் படித்த ஆசிரியை ஒருவர் இதைச் செய்து பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விரலால் மணிக்கட்டில் மூன்று முறை தட்டி எண்ணுவாராம். முதல் வாரம் நடக்கவே இல்லை. முன்வரிசைப் பிள்ளைகள் இருவர் ஒரு விநாடிக்குள் கத்திவிடுவார்கள். பிறகு, ‘நான் சாக்பீஸைக் கையில் எடுக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது’ என்று ஒரு விதி வைத்தார். மூன்றாவது வாரம், ஆண்டு முழுவதும் பேசாத ஒரு பையன் பதில் சொன்னான்.

அவர் சொன்னதில், ‘வகுப்பு அமைதியாக இருந்ததால் ஆசிரியர் வரவில்லை என்று நினைத்து, பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. நூலுக்குத் தொடர்பில்லை என்று அதை நீக்கிவிட்டேன். படித்துக் காட்டியபோது ஆசிரியை வருத்தப்பட்டார். “சார், மற்றவர்கள் இதைச் செய்யத் தயங்கப்போவது அந்த இடத்தில்தான். அமைதியாக நின்றால் பாடம் நடத்தவில்லை என்று நினைப்பார்கள் என்ற பயம். அதை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்?” அவர் சொன்னதுதான் சரி. அந்த வாக்கியம் மதிப்புரையின் முதல் வரியாயிற்று. மொழியைத் திருத்தலாம், நீளத்தைக் குறைக்கலாம். வகுப்பறையில் நடந்தவற்றை வெட்டக் கூடாது என்று அன்று முடிவு செய்தேன்.

சொற்களைப் பற்றியும் ஒன்று. இலங்கையில் வெளியான விசையியல் கற்பித்தல் நூல் ஒன்று வந்தது. மதுரைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் ‘நிறைக்கும் எடைக்கும் வேறுபாடு தெரியாமல் எழுதியிருக்கிறார்கள்’ என்று காட்டமாக எழுதி அனுப்பினார். எனக்குச் சந்தேகம் வந்து, இலங்கையில் கற்பித்த நண்பர் ஒருவரிடம் கேட்டேன். நாம் நிறை என்பதை அவர்கள் திணிவு என்பார்கள். நாம் எடை என்பதை நிறை என்பார்கள். நம் முடுக்கம் அங்கே ஆர்முடுகல். நம் ஆற்றல் அங்கே சக்தி. நம் திறன் அங்கே வலு. நூலில் பிழையே இல்லை. அந்த மதிப்புரையை அப்படியே போட்டிருந்தால் ஒரு நல்ல நூலுக்கு அநீதி செய்திருப்போம். ஆசிரியரிடம் சொன்னேன். அவர் முழு நூலையும் மறுபடி படித்து, இருபது சொற்களுக்கு இணைச்சொல் பட்டியல் ஒன்றைத் தானே தயாரித்து, அதோடு புதிய மதிப்புரை எழுதினார். மதிப்புரைக்குப் போகும் நூல் எங்கே, யாருக்காக எழுதப்பட்டது என்பதை இப்போது அட்டையின் தலைப்பிலேயே குறித்து அனுப்புகிறேன்.

இந்த ஆண்டு ஜூனில் அனுப்பிய கட்டுகளில் ஒன்று நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரப் பள்ளிக்குப் போனது. எளிய பொருள்களைக் கொண்டு மின்னியல் கற்பிப்பது பற்றிய நூல். ஒன்பதாம் வகுப்பு ‘மின்னூட்டமும் மின்னோட்டமும்’ பாடத்தோடு செய்து பார்க்கிறேன் என்றார் ஆசிரியை. காலாண்டு விடுமுறையில் வர வேண்டிய மதிப்புரை வரவில்லை. போன வாரம்தான் புத்தகமும் ஒரு கடிதமும் வந்தன. சீப்பைத் தேய்த்துக் காகிதத் துண்டுகளை ஈர்க்கும் சோதனையின் பக்க ஓரத்தில் பென்சிலால் தேதிகள் எழுதியிருந்தார். நான்கு தேதிகள், நான்கின் எதிரிலும் ‘ஈர்க்கவில்லை’. கீழே, ‘கடல்காற்று. ஈரம். மின்னூட்டம் நிற்கவில்லை. பிள்ளைகளிடம் காரணத்தைச் சொன்னேன், நம்பவில்லை’ என்று இருந்தது.

கடிதத்தில் எழுதியிருந்தார்: ‘உள்மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இது நல்ல சோதனையாக இருக்கலாம். எங்கள் ஊரில் மழை ஓய்ந்து காற்று உலர்ந்தால்தான் தெரியும். மாசியில் அதே பிள்ளைகளை வைத்து, அதே சீப்பைக் கொண்டு மறுபடி செய்து பார்த்து எழுதுகிறேன். அதுவரை என் மதிப்புரையைப் போட வேண்டாம், சார்.’

பொதுத்தேர்வுக் காலம் அது, சிரமப்பட வேண்டாம் என்று பதில் எழுதினேன். ஒன்பதாம் வகுப்புதானே, பார்த்துக்கொள்கிறேன் என்றார். பங்குனி இதழில் இரண்டு பக்கங்களை அவருக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.